கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு 9 லட்சமா?

கேள்வி: வத்தலக்குண்டில் இருக்கிறேன், வயது 43. நானும் மனைவியும் சேர்ந்து கையில் வாங்கும் சம்பளம் மாதம் 85,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 19,500. எஃப்.டி.யில் 7 லட்சம் இருக்கிறது. தாண்டிக்குடி பக்கம் மூன்று ஏக்கர் காப்பி, மிளகுத் தோட்டம். செலவு போக வருடத்துக்கு ஒன்றேகால் லட்சம் நிற்கும். மாதம் இரண்டு மூன்று தடவை போய் வருவோம். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை, நல்ல ஏற்றம். மழைக்காலத்தில் எங்கள் வேகன் ஆர் ஏறாது என்பதால் ஊர் ஜீப்புக்கு ஒரு நடைக்கு 1,500 ரூபாய் கொடுக்கிறோம். அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துப் போக, பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று வாங்க ஆசை. பார்த்து வைத்திருப்பவை மூன்றும் 2016 மாடல்: ஃபோர்டு எண்டெவர் 9 லட்சம், டாடா சஃபாரி ஸ்டார்ம் 5.75 லட்சம், சென்னைப் பதிவில் ரெனோ டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. 5.25 லட்சம். டூ வீல் டிரைவ் ஸ்டார்ம் என்றால் 4.5 லட்சத்துக்குக் கிடைக்கிறது. எண்டெவர்தான் மனதில் நிற்கிறது. 3 லட்சம் கையிலிருந்து போட்டு 6 லட்சம் கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன். நாலு வருடத்துக்கு "65 பைசா வட்டிதான் சார்" என்கிறார் கன்சல்டிங்காரர். வாங்கலாமா? வேகன் ஆரை விற்றுவிடலாமா?

பதில்: முதலில் அந்த 65 பைசாவைப் பார்த்துவிடுவோம். நூறு ரூபாய்க்கு மாதம் 65 பைசா என்றால் வருடத்துக்கு 7.8 சதவீதம், வீட்டுக் கடன் வட்டி மாதிரிதானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இது ஃப்ளாட் வட்டி. நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவீர்கள்; வட்டியை மட்டும் 48 மாதமும் முழு 6 லட்சத்துக்கே போடுவார்கள். வட்டி 1,87,200, தவணை 16,400. குறையும் அசலுக்கு வட்டி போடும் வங்கி முறையில் இதே தவணைக்குக் கணக்குப் போட்டால் 14 சதவீதம் வருகிறது. கன்சல்டிங்காரர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். யாரிடம் கடன் வாங்கினாலும் கையெழுத்துக்கு முன் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எல்லாக் கட்டணமும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி அதில் ஒரே எண்ணாக இருக்கும்.

16,400 வீதம் வருடத்துக்கு 1,96,800 ரூபாய். தோட்டம் தருவது 1,25,000. தோட்டத்துக்குப் போவதற்கு வாங்கும் வண்டி தோட்டத்தையே விழுங்கிவிட்டு, மீதிக்குச் சம்பளத்திலும் கை நீட்டும்.

சரி, ஜீப் கணக்குக்கு வருவோம். மழை மாதங்களில் ஒரு டஜன் நடை என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 18,000 ரூபாய். டூ வீல் டிரைவ் ஸ்டார்முக்கும் ஃபோர் வீல் டிரைவுக்கும் விலை வித்தியாசம் 1.25 லட்சம். அது கிட்டத்தட்ட ஏழு வருட ஜீப் வாடகை! வெறும் எண்ணை வைத்துப் பேசினால் வேகன் ஆரும் ஊர் ஜீப்பும்தான் லாபம். இதை மறைத்துவிட்டு வண்டி மாடலைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் மேலே அம்மா இருக்கும்போது ராத்திரி எட்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டு ஜீப் டிரைவர் போனை எடுக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நிம்மதிக்கு ஒரு விலை கொடுக்கலாம். அது 9 லட்சமாக இருக்க வேண்டாம்.

எண்டெவரை விட்டுவிடுங்கள். அருமையான வண்டி, மறுக்கவில்லை. மறைமலை நகரில் செய்த வண்டிதான். ஆனால் ஃபோர்டு 2021 செப்டம்பரிலேயே இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. சர்வீஸ் இன்னும் கிடைக்கிறது என்றாலும், பத்து வயது தாண்டிய இந்த அளவு வண்டிக்கு ஒரு கியர்பாக்ஸ் வேலை வந்தால் பில் லட்சத்தில் பேசும். விலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கலாம். உதிரி பாகத்தின் விலை குறையவில்லை. 30 லட்ச ரூபாய் வண்டியை 9 லட்சத்துக்கு வாங்கினாலும் பராமரிப்பு என்னவோ 30 லட்ச ரூபாய் வண்டிக்கானதுதான்.

டஸ்டரா, ஸ்டார்மா? டஸ்டர் ஓட்டச் சொகுசு, டீசலும் குறைவாகக் குடிக்கும். கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகு. 'லாக்'கில் வைத்தால் பின் சக்கரத்துக்கும் இழுவை போகும். ஆனால் ஏற்றத்தில் மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஏற உதவும் லோ கியர் கிடையாது. குட்டையான முதல் கியரை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். ஐந்து பேரோடு நனைந்த ஏற்றத்தில் கிளட்ச் அடி வாங்கும். ஏ.டபிள்யூ.டி. பாகங்களைத் தொட்டுப் பழகிய மெக்கானிக்கும் வத்தலக்குண்டில் கிடைக்க மாட்டார், மதுரைதான். ஸ்டார்ம் கனமான வண்டி, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தந்தால் அதிர்ஷ்டம். ஒன்றரை லிட்டருக்கு மேற்பட்ட இன்ஜின் என்பதால் மூன்றாம் நபர் காப்பீடும் கூடுதல்: 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 7,897 ரூபாய், டஸ்டருக்கு 3,416. இருந்தும் நான் ஸ்டார்ம் பக்கம். லோ கியர் இருக்கிறது, லாரி போலக் கனமான அடிச்சட்டம் (லேடர் சேசி), டாடா மெக்கானிக் எந்த ஊரிலும் உண்டு. மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டினால் டஸ்டரை விடச் சுமார் 15 லிட்டர் டீசல் கூடுதலாகும். அதற்காக யோசிக்க வேண்டாம். மஹிந்திரா தார் ஏன் இல்லை என்று மகன் கேட்கக்கூடும். மூன்று கதவுத் தாரின் பின் சீட்டில் அம்மாவை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு கதை சொல்கிறேன். 2011-ல் நானும் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கினேன். கியரை மாற்றினால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது, சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் மழையில் சேற்றில் பின் சக்கரம் மட்டும் சுற்றுகிறது. கீழே படுத்துப் பார்த்த மெக்கானிக் தலையை மட்டும் வெளியே நீட்டி, "சார், முன்பக்க ஷாஃப்ட்டே இல்லையே" என்றார். முன் சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டு அது. மைலேஜ் கூடட்டும் என்று முந்தைய ஆள் கழற்றிப் போட்டிருக்கிறார்! விற்றவரோ, தனக்குத் தெரியவே தெரியாது என்று சாதித்துவிட்டார்.

அதனால் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் ஷாஃப்ட் இருக்கிறதா, இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் கசிவு இருக்கிறதா, முன் ஆக்ஸிலின் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மண் தரையில், தார் ரோட்டில் அல்ல, ஃபோர் ஹையில் (நாலு சக்கரமும் இழுக்கும் வழக்கமான நிலை) போட்டு ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஓட்டுங்கள். கட கடவென்று சத்தம் வந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். வண்டியை நிறுத்தி ஃபோர் லோவையும், அதாவது அந்த லோ கியரையும், போட்டுப் பாருங்கள். பல ஓனர்கள் அதைத் தொட்டதே இல்லை. தொடாமலே இறுகிப் போயிருக்கும். மனம் மாறி டஸ்டருக்கே போனால், சென்னை வண்டி என்பதால் இன்னொன்று: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சேற்றுக் கோடு அதில் ஒளிந்திருக்கும். டெல்லிப் பதிவு டீசல் வண்டி மலிவு என்று யாராவது காட்டினால் திரும்பியே பார்க்காதீர்கள். என்.ஓ.சி., இங்கே ஆயுள் வரி, புது நம்பர் என்று அலைந்து முடிப்பதற்குள் அந்த மலிவு கரைந்துவிடும்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள். எஃப்.டி.யில் 3 லட்சத்தைத் தொடவே வேண்டாம். 4 லட்சம் எடுங்கள், 3 லட்சம் மட்டும் வங்கியில் கடன் வாங்குங்கள். 13 சதவீதம், 36 மாதம் என்றால் தவணை சுமார் 10,100. மொத்த வட்டி 64,000-க்குள் முடிந்துவிடும். தோட்டத்து வருமானமே கிட்டத்தட்ட இந்தத் தவணையைக் கட்டிவிடும். ஆக 7 லட்சம். அதில் வண்டிக்கு ஐந்தரைக்கு மேல் போகாதீர்கள். 5.75 என்பது அவர்கள் சொல்லும் விலைதானே? பெயர் மாற்றம், காப்பீட்டுக்கு 40,000. மீதி 1.1 லட்சம் பட்டறைக்கு: நாலு டயர், எல்லா ஆயிலும் மாற்றம், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ். இந்தத் தொகை ஒதுக்க முடியாவிட்டால் வண்டியே வாங்காதீர்கள், ஜீப்பே போதும். முன்னால் புல் பார் (பம்பருக்கு மேல் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்பு) கேட்டுப் பிள்ளைகள் அடம் பிடித்தால் மறுத்துவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது.

வேகன் ஆரை விற்காதீர்கள். வேலைக்கும் கடைக்கும் அதுவே ஓடட்டும். இன்னொரு கணக்கும் இருக்கிறது: 2016 வண்டியின் ஆர்.சி. 15 வருடத்தில், அதாவது 2031-ல் முடியும். அதற்கு ஒரு வருடம் முன்பே விற்றுவிட்டால் எஃப்.சி., புதுப்பித்தல் தலைவலி வாங்குபவருக்குப் போகும், உங்களுக்கும் ஓரளவு விலை நிற்கும். தினமும் ஓட்டித் தேய்த்தால் அது நடக்காது.

பேப்பரைப் பொறுத்தவரை ஒன்றுதான் முக்கியம். ஆர்.சி.யில் பழைய கடன் அடமானமாகப் பதிவாகியிருந்தால், நிதி நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் அடமானத்தை நீக்கும் படிவம் 35-ம் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி நீங்களே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போங்கள். பெயர் மாற்றிய 14 நாளுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் (காப்பீட்டுப் பணம் கேட்காமல் இருந்ததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும் என்பதால் பிரீமியம் ஏறும், அதிர்ச்சியாக வேண்டாம்.

வண்டி பார்க்கப் போகும் அன்று, வழக்கமாக உங்களை மேலே ஏற்றிவிடும் அந்த ஜீப் டிரைவரைக் கையோடு கூட்டிப் போங்கள். அன்றைக்கு அவருக்கு வரவேண்டிய நடைக்காசையும் மதியச் சாப்பாட்டையும் கொடுத்துவிடுங்கள். ஸ்டார்மை அவரையே ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்து சீட்டில் உட்காருங்கள். அவர் சரி என்றால் 10,000 ரூபாய் டோக்கன், அதுவும் ரசீதோடு.