கிளைடர் ஓட்டுகிறேன், ஒற்றைத் தலைவலி வருகிறது: பறக்கலாமா?

கேள்வி: என் வயது 36. விடுமுறை நாட்களில் கிளைடர் ஓட்டுகிறேன். சிறுநீர் வந்துவிடுமே என்று அப்போது தண்ணீர் குடிப்பதில்லை. மாதம் இரண்டு தடவையாவது ஒற்றைத் தலைவலி வருகிறது. சில சமயம் வலிக்கு முன்பே கண்ணில் மின்னும் நெளிகோடுகள் தெரிகின்றன. மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு பறக்கலாமா?

பதில்: உங்கள் வலியைவிட அந்த நெளிகோடுகள்தான் எனக்குக் கவலை தருகின்றன. இதை ஆரா என்போம். பொதுவாக 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இருக்கும். அந்த நேரத்தில் பார்வையில் ஒரு பகுதியே மறைந்துபோகலாம். எஞ்சின் உள்ள விமானம் என்றால், இறங்குவது சரிவராதபோது மேலேறி இன்னொரு சுற்று வரலாம். எஞ்சின் இல்லாத கிளைடரில் உயரத்தையும் தூரத்தையும் கண்ணால் கணித்து, ஒரே தடவையில் இறங்கியாக வேண்டும். அதனால் இது கட்டுக்குள் வரும்வரை தயவுசெய்து தனியாகப் பறக்காதீர்கள். விமானிகளுக்குத் தகுதிச் சான்று தரும் மருத்துவரிடம் கோடுகளைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். உரிமம் போய்விடுமோ என்ற பயம் புரிகிறது. ஆனாலும் மறைக்க வேண்டாம்.

பையில் இருக்கும் மாத்திரையை நம்பிக் கிளம்பக் கூடாது. ஒற்றைத் தலைவலி வரும்போது இரைப்பையின் வேலை மந்தமாகும், விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் சேரத் தாமதமாகும். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் சுமாட்ரிப்டான் போன்ற மாத்திரைகள் சிலருக்குத் தலைசுற்றலும் தூக்கக்கலக்கமும் தரும். வலி விட்ட பிறகும் ஒரு நாள் வரை சோர்வும் கவனக்குறைவும் இருக்கலாம், அன்றும் பறக்க வேண்டாம். வலி வராமல் தடுக்கத் தினசரி மருந்துகள் உண்டு. அமிட்ரிப்டிலின் தூக்கம் தரும், டோபிரமேட் யோசனையை மந்தமாக்கலாம். எனவே மருந்தை முடிவு செய்யும் முன்பே, நீங்கள் பறப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலியைத் தூண்டும் விஷயங்களில் பலவற்றை நீங்களே மாற்றலாம். முதலில் தண்ணீர். கிளைடரின் கண்ணாடி மூடிக்குள் வெயிலில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள், சிறுநீர் வந்துவிடுமே என்று குடிக்காமலும் இருக்கிறீர்கள். இந்தப் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். சிறுநீர் கழிப்பதற்கான பை ஒன்றை உடன் வைத்துக்கொண்டு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கிளைடரை வானில் ஏற்றிவிடும் வரிசையில் காத்திருக்கும்போது சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கண் கூச்சத்தைக் குறைக்கும். போலராய்டு கண்ணாடி வேண்டாம், சில கருவித் திரைகள் அதில் இருண்டு தெரியும். மேலெழும் காற்றில் வட்டமிடும்போது அண்ணாந்தே பார்ப்பதால் கழுத்து இறுகும். அதிக உயரத்தில் ஆக்சிஜன் குறைந்தாலும் தலை வலிக்கும்.

சரி, பறக்கும் ஆசையை என்ன செய்வது? மருத்துவர் அனுமதித்தால், பயிற்றுநரோடு இரண்டு இருக்கை கிளைடரில் போகலாம். கோடு தெரிந்த உடனே அவரிடம் சொல்லிக் கட்டுப்பாட்டை ஒப்படையுங்கள். அப்புறம், வலி வந்த நாள், அதற்கு முந்தைய தூக்கம், உணவு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இடையில் இடிபோலத் திடீரென்று கடும் வலி வந்தாலோ, கை கால் பலவீனமானாலோ, பேச்சு குழறினாலோ, கோடுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ அதை வழக்கமான தலைவலி என்று விட்டுவிடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.