ஊருக்கு வந்த பிறகு – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

என் மகனுக்கு ஆறு வயது. போன வருடம் ரத்தப் புற்றுநோய், ஏஎல்எல் வகை என்று தெரிந்ததும் சென்னைக்குக் கூட்டிப்போனோம். ஏழு மாதம் மருத்துவமனைப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கினோம். இப்போது ‘மெயின்டனன்ஸ்’ கட்டம், அதாவது நோய் திரும்பாமல் இருக்க வீட்டிலேயே மாத்திரை கொடுக்கும் கட்டம், மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினோம். பையன் தூங்கிவிட்டான். தாம்பரத்தில் அழ ஆரம்பித்த என் மனைவி திருச்சி வரைக்கும் நிறுத்தவில்லை. அது சந்தோஷ அழுகை இல்லை. சென்னையில் ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் என்றாலும் நர்ஸ் வருவார். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் யார் வருவார்கள்? பாட்டியிடம் விட்டுப்போயிருந்த மூத்த மகளுக்கு ஒன்பது வயது. எங்களைப் பார்த்து, விருந்தாளிகளிடம் சொல்வதுபோல ‘வாங்க’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாரும் ‘இனிமே ஒண்ணுமில்லல்லா?’ என்கிறார்கள். எங்களுக்கோ அந்தச் சென்னை அறைக்கே திரும்பிவிடலாம் போல இருக்கிறது. இப்படி நினைப்பது தப்பா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

தப்பே இல்லை. ஏழு மாதமாக ஒரு மருத்துவமனையே உங்களோடு சேர்ந்து அந்தப் பையனுக்குக் காவல் இருந்தது. எழும்பூரில் ரயில் கிளம்பியதும் அந்தக் காவல் முழுக்க உங்கள் இரண்டு பேர் தலையில் இறங்கிவிட்டது. உங்கள் மனைவிக்கு அது தாம்பரத்திலேயே புரிந்திருக்கிறது. அழாமல் என்ன செய்வார்?

என் அக்கா மகனும் இதே சிகிச்சை எடுத்தவன். ஊருக்கு வந்த புதிதில் அக்கா தெர்மாமீட்டரை இடுப்பிலேயே செருகி வைத்திருப்பாள். சோறு வடிக்கும்போதும் அது இடுப்பில்தான். ‘தைரியமா இரு’ என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம், ஒரு பிரயோஜனமும் இல்லை. என்ன நடந்தால் என்ன செய்வது என்று வீட்டில் மற்றவர்களுக்கும் தெரிந்த பிறகுதான் அவள் தூங்க ஆரம்பித்தாள். அதனால் உங்களுக்கு ஆறுதல் வார்த்தை எழுதப்போவதில்லை.

முதலில் காய்ச்சல். 100.4 டிகிரியைத் தொட்டாலே அவசரம்தான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்றும் இருக்கக் கூடாது, சூடு தணிந்தாலும் உள்ளே கிருமி இருக்கும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சலைத் தவிர வேறு அறிகுறியே தெரியாமல் போகலாம். சென்னைக்கு போன் செய்யுங்கள், அதே நேரத்தில் வண்டியையும் வரச் சொல்லுங்கள். எந்த மருத்துவமனைக்கு, யாருடைய காரில் என்பதை இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி போக ஒன்றரை மணி நேரமாவது ஆகும். என்ன நோய், எந்தக் கட்டம், காய்ச்சல் வந்தால் என்ன மருந்து தொடங்க வேண்டும் என்று சென்னை டாக்டரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். பையன் நன்றாக இருக்கும்போதே இங்குள்ள குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போய் அதைக் காட்டிவிடுங்கள். நடு ராத்திரியில் முன்பின் தெரியாத ஒரு டூட்டி டாக்டரிடம் எல்லாக் கதையையும் முதலிலிருந்து சொல்வது கொடுமை.

அப்புறம் மாத்திரை. இந்தக் கட்டத்தில் பொதுவாக மெர்காப்டோப்யூரின் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாளும் இருக்கும். வார மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று மாதக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, கொடுத்ததும் அடித்துவிடுங்கள். பாட்டிக்கும் காட்டி வையுங்கள்.

பாட்டியிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெருவில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் நம் பக்கத்தில் வேப்பிலை கட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். உங்கள் பையன் அந்த வீட்டுப் பிள்ளையோடு விளையாடியிருந்தால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும், கொப்புளம் வரட்டும் என்று பார்க்கக் கூடாது. அம்மனை மதிப்பதற்கும் இதற்கும் சண்டை இல்லை என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், கேட்பார். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்கும் இந்த வருடம் வேண்டாம். வேண்டுதல் இருந்தால் கூட்டமில்லாத ஒரு நாளில் போய்வரலாம்.

ஊர்க்காரர்கள் கேட்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. புறப்படும்போது பணமும் பழமுமாக வந்து நின்றவர்கள், திரும்பி வந்ததும் முடிந்துவிட்டது என்று கலைந்துவிடுகிறார்கள். முடியவில்லை. ஏஎல்எல்லுக்கு மொத்தச் சிகிச்சை இரண்டு, இரண்டரை வருடம் ஓடும். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்மைப் போன்ற நாடுகளில் அது குறைவதற்குச் சிகிச்சையைப் பாதியில் விடுவதும் ஒரு காரணம். பிள்ளை ஓடியாடி விளையாடுகிறான், ஒவ்வொரு தடவையும் கூலி போகிறது, டிக்கெட் வேறு. அப்படித்தான் ஒரு தேதி தள்ளிப்போகும், பிறகு அடுத்ததும் போகும். ஆகவே கேட்கிறவர்களிடம் ‘இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு, மாசம் ஒரு நாள் எங்க ஆட்டைப் பாத்துக்கிடுவீங்களா?’ என்பதுபோல நேராகக் கேளுங்கள். செய்வார்கள். என்ன செய்வது என்று தெரியாமல்தான் பலர் சும்மா இருக்கிறார்கள்.

இனி உங்கள் மகள். கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ‘வாங்க’வுக்காகத்தான். ஏழு மாதத்தில் அவளிடம் யார் என்ன சொன்னார்கள்? தம்பிக்குச் சரியில்லை, நீ சமர்த்தாக இரு என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். அவளாகவே என்னென்ன கற்பனை செய்திருப்பாளோ. தான் அவனை அடித்ததால்தான் இது வந்தது என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. தன்னை வேண்டாம் என்று விட்டுப்போனதாக நினைப்பவர்களும் உண்டு. நோயின் பெயரை அவளிடம் சொல்லுங்கள். இது தொற்றாது, யாராலும் வந்ததில்லை என்று சொல்லுங்கள். அவள் கோபப்பட்டால் படட்டும், ‘தம்பியைப் பார்’ என்று அடக்க வேண்டாம். தினமும் கொஞ்ச நேரம், தம்பி பேச்சே இல்லாமல், உங்களில் ஒருவர் அவளோடு மட்டும் இருங்கள். காலண்டரில் மாத்திரைக் கிழமையை அடிக்கிற வேலையையும் அவளுக்குப் பிடித்தால் கொடுங்கள். மாத்திரை எடுத்துக் கொடுப்பது மட்டும் பெரியவர்கள் பொறுப்பாகவே இருக்கட்டும்.

ரயில் சலுகை பற்றித் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தால் சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் பையனுக்குக் கட்டணம் இல்லை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. பள்ளி விடுமுறையில் ஒரு தடவை மகளையும் கூட்டிப்போங்கள். நீங்கள் தங்கியிருந்த தெருவை, சாப்பிட்ட கடையை, தம்பி ஊசி போட்டுக்கொண்ட இடத்தை அவள் பார்க்கட்டும். அவளுக்குச் சலுகை கிடையாது. பெர்த் எடுத்தால் முழுக் கட்டணம்தான், ஆனாலும் எடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்