கேமராக் கட்சிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கும்பகோணம் பக்கம் திருமணப் புகைப்படக்காரன். இங்குள்ள ஒரு ஸ்டுடியோவில்தான் தொழில் கற்றேன். அதன் உரிமையாளரை அண்ணன் என்றே அழைப்பேன். ஃபிலிம் காலத்திலிருந்து அவர் கையில் நிக்கான் தவிர வேறு கேமராவை நான் பார்த்ததில்லை. நானும் நிக்கானில்தான் தொடங்கினேன். கடைசியாக வைத்திருந்தது டி750. சென்ற ஆண்டு சோனிக்கு மாறினேன். என்னோடு வேலை செய்யும் வீடியோக்காரர்கள் எல்லாரிடமும் சோனிதான் இருக்கிறது. என் படத்தின் நிறமும் அவர்கள் படத்தின் நிறமும் ஒத்துப்போகாமல் ஒவ்வொரு திருமணத்துக்கும் திண்டாடினேன். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் சேர்ந்து கோயில்களுக்கும் காவிரிக் கரைக்கும் படமெடுக்கப் போவோம். இப்போது அங்கே படத்தைப் பற்றிய பேச்சே குறைந்துவிட்டது. கேனான்காரர், நிக்கான்காரர், சோனிக்காரர் என்று மூன்று கட்சிகள். அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் பழைய, தொடக்கநிலை கேனான் ஒன்றுடன் வந்தார். "இதை வைத்துக்கொண்டு எதற்கு வந்தாய்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் அதன்பின் வரவில்லை.

ஒரு கருவிக்காக ஏன் இத்தனை கசப்பு? நான் மாறியது தவறா? பழைய நிக்கானையும் லென்ஸ்களையும் விற்றுவிடலாமா?

ச., கும்பகோணம்

அன்புள்ள ச.,

மாறியது தவறில்லை. தொழிலுக்குத் தேவைப்பட்டது, மாறினீர்கள். ஆனால் உங்கள் அண்ணனின் வருத்தத்தை வயதானவரின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதற்குப் பின்னால் உறுதியான காரணங்கள் உண்டு.

லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் வாய்ப்பகுதியை மவுண்ட் என்கிறோம். நிக்கான் தன் எஃப் மவுண்டை 1959இல் கொண்டுவந்தது. 1977க்குப் பிறகு அந்த நிறுவனம் வழக்கமாகச் செய்த ஏ.ஐ. வகை (இன்றைய செயற்கை நுண்ணறிவு அல்ல, லென்ஸ் வகையின் பெயர்) லென்ஸ் ஒன்றை எடுத்து, 2017இல் வந்த டி850இல் மாட்டினால் பொருந்தும். வெளிச்சத்தையும் சரியாக அளந்து சொல்லும். நாற்பது ஆண்டு இடைவெளி! கடன் வாங்கி ஒரு லென்ஸ் வாங்கிய ஸ்டுடியோக்காரருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நினைத்துப் பாருங்கள். கேமரா பழையதாகும், விற்றுவிட்டுப் புதிதாக வாங்கலாம். லென்ஸ் நிலைத்திருக்கும்.

அடுத்தது கை. நிக்கானில் லென்ஸை மாட்டத் திருப்பும் திசைக்கு நேர் எதிர்த்திசையில்தான் கேனானில் திருப்ப வேண்டும். ஃபோகஸ் வளையமும் அப்படியே எதிராகச் சுழலும். தாலி கட்டும் கணம் திரும்ப வராது. அப்போது மூளையைக் கேட்டுக்கொண்டு விரல் நகர முடியாது, அதற்கே தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் செய்த நாகஸ்வரத்தில் ஆயுள் முழுக்க வாசித்த ஒருவரிடம் வேறொன்றைக் கொடுத்து மாலைக் கச்சேரிக்கு அனுப்பினால் அவருக்கு எப்படி இருக்கும்? அண்ணனின் பற்று அந்த வகையைச் சேர்ந்தது. டோக்கியோவில் இருக்கும் ஒரு நிறுவனத்தை அவர் நேசிப்பதாக அவரே நம்பலாம். உண்மையில் அவர் நேசிப்பது தன் விரல்கள் கற்றதையும், சிறுகச் சிறுகச் சேர்த்த லென்ஸ்களையும்தான் என்று நான் நினைக்கிறேன். உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் அந்த விரல்கள்தாம். நீங்கள் மாறியபோது, தான் கொடுத்ததையே நீங்கள் கீழே வைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியிருக்கும்.

இந்தப் பற்றுக்கு நான் தலைவணங்குகிறேன். அதை நிறுவனத்தின் பெயரில் எழுதி வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஏனென்றால் நிறுவனங்கள் அந்தக் கணக்கை ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை.

கேனான் 1971இல் எஃப்.டி. மவுண்டைக் கொண்டுவந்தது. உலகம் முழுக்கப் பலர் அதை நம்பி லென்ஸ்கள் சேர்த்தார்கள். 1985இல் மினோல்டா 7000 ஆட்டோஃபோகஸுடன் வந்து சந்தையைக் கலக்கியது. 1987இல் கேனான் ஈ.ஓ.எஸ். 650ஐ வெளியிட்டபோது எஃப்.டி.யை ஒரேயடியாகக் கைவிட்டு, ஈ.எஃப். என்ற புதிய மவுண்டுக்குப் போனது. பழைய லென்ஸ்கள் புதிய கேமராவில் நேரடியாக ஏறாது. எஃப்.டி.காரர்கள் கொதித்தார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. ஆனால் அந்த முறிவிலிருந்துதான் 54 மில்லிமீட்டர் அகல வாயும், ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் தனி மோட்டாரும், முழுக்க மின்வழித் தொடர்பும் கிடைத்தன. அடுத்த பத்தாண்டுகளில் விளையாட்டரங்குகளின் ஓரம் கேனானின் வெள்ளை லென்ஸ்களால் நிறைந்தது அதனால்தான்.

நிக்கான் வாக்கைக் காப்பாற்றியது என்பார்கள். பெருமளவு உண்மைதான், முழுக்க இல்லை. அதன் பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவிலிருக்கும் மோட்டார்தான் ஒரு திருகு வழியாக அவற்றை இயக்கும். 2006இல் வந்த டி40இல் அந்த மோட்டாரை நிக்கான் எடுத்துவிட்டது. 2018இல் இசட் மவுண்டுக்கு மாறியபோது, பழைய லென்ஸ்களைப் புதிய கேமராவில் மாட்டக் கொடுத்த எஃப்.டி.இசட். அடாப்டரிலும் அது இல்லை. ஆகவே நீங்கள் சோனிக்குப் போகாமல் புதிய நிக்கான் இசட் வாங்கியிருந்தாலும், அண்ணனின் அந்தக் கால லென்ஸ்கள் அதன் அடாப்டரில் தாமாகக் குவியம் காணமாட்டா. கையால்தான் திருப்ப வேண்டும். இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் கோபம் உங்கள் மேல் மட்டும் விழ வேண்டியதில்லை.

சோனியிலும் இதே கதைதான். 2006இல் கோனிகா மினோல்டாவின் கேமராத் தொழிலை எடுத்துக்கொண்டு ஆல்ஃபா என்று தொடங்கினார்கள். அப்போதைய ஏ மவுண்டை நம்பியவர்களுக்கு இன்று புதிய கேமரா கிடையாது. உங்களிடம் இருப்பது 2010இல் வந்த இ மவுண்ட்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கட்சிக்காரர்களுக்கு ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். 1936இல் விற்பனைக்கு வந்த ஹான்சா கேனான்தான் அந்த நிறுவனத்தின் முதல் விற்பனைக் கேமரா. அன்று அவர்களுக்கு லென்ஸ் செய்யத் தெரியாது. அதில் பொருத்தியிருந்த 50 மில்லிமீட்டர் லென்ஸின் பெயர் நிக்கோர். செய்துகொடுத்தது நிப்பான் கோகாகு, அதாவது இன்றைய நிக்கான். லென்ஸ் மவுண்டும் தூரம் அளக்கும் கருவியின் ஒளியியல் பகுதியும்கூட அவர்கள் செய்தவைதாம். இந்தப் பக்கம் வந்தால், 2012இல் நிக்கான் ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய டி800இன் 36 மெகாபிக்சல் சென்சாரை, அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லை, தயாரித்தது சோனி. தொழிற்சாலைகள் தேவைக்கேற்பக் கொடுத்து வாங்கி வாழ்கின்றன. வாங்கியவர்கள்தாம் முறைத்துக்கொள்கிறோம்.

ஏன் முறைத்துக்கொள்கிறோம்? பெரும்பாலும் பணம்தான் காரணம் என்பேன். ஒரு பாடி, மூன்று நல்ல லென்ஸ், இரண்டு ஃபிளாஷ் என்று சேர்த்தால் சில லட்சங்கள் ஆகும். தவணை கட்டிக்கொண்டிருப்பவர் முன்னால் பக்கத்து நிறுவனம் மேலானது என்று யாராவது சொன்னால், தன் முடிவையே யாரோ குறை சொல்வதாகத்தான் கேட்கும். மாறவும் முடியாது. லென்ஸ்களை விற்றால் பாதி விலைதான் வரும். மாற முடியாத இடத்தில் நிற்பவருக்கு அந்த இடமே சிறந்தது என்று நம்பியாக வேண்டியிருக்கிறது. இதில் மனிதரை வெறுக்க எதுவும் இல்லை, புரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

நிறுவனங்களுக்குள் போட்டி நடக்கட்டும், அதனால் நமக்கு நன்மைதான். விளையாட்டுப் படங்களில் கேனானை அசைக்க முடியாது என்று பலரும் நினைத்திருந்த 2007இல் நிக்கான் டி3 வந்தது. மங்கலான வெளிச்சத்துக்காக ஒளி உணர்திறனை 6400 ஐ.எஸ்.ஓ. வரை உயர்த்தினாலும் கண்ணுக்கு உகந்த படம் தந்தது. அடுத்த ஆண்டே கேனான் 5டி மார்க் 2 வந்து, புகைப்படக் கேமராவில் முழு எச்.டி. வீடியோ எடுக்க முடியும் என்று காட்டியது. மங்கலான மண்டபங்களில் இன்று நீங்கள் எடுக்கும் கேண்டிட் படங்களும் வீடியோவும் அந்த மல்லுக்கட்டில் விளைந்தவை.

ஆனால் அந்த மாணவரைப் பார்த்துச் சிரித்தார்களே, அதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. கற்க வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டது உங்கள் குழு. நீங்களும் அங்கே இருந்தீர்கள். நீங்களே அவரைத் தேடிப்போய் அழைத்து வர வேண்டும்.

1950இல் உலகம் ஜெர்மன் லென்ஸைத் தவிர வேறொன்றை மதிக்கவில்லை. லைஃப் பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் அப்போது டோக்கியோவில் இருந்தார். ஜுன் மிகி என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் ஒரு நிக்கோர் லென்ஸால் டங்கனைப் படமெடுத்து, அச்சிட்டுக் காட்டினார். டங்கன் அந்தப் படத்தின் கூர்மையைப் பார்த்தார். நேரே நிப்பான் கோகாகுவுக்குப் போய்ச் சோதித்தார். பிறகு அந்த லென்ஸ்களைத் தன் ஜெர்மன் கேமராவான லைக்காவில் மாட்டிக்கொண்டு கொரியப் போருக்குப் போனார். லைக்காவை அவர் தூக்கி எறியவும் இல்லை, ஜப்பான் லென்ஸ் என்று முகம் சுளிக்கவும் இல்லை. அச்சிட்ட ஒரு படம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

உங்கள் குழுவிலும் அதைச் செய்யுங்கள். அடுத்த ஞாயிறு எல்லாரும் ஒரே அளவில் இரண்டு படங்களை அச்சிட்டுக் கொண்டுவரட்டும். யாருடையது, எந்தக் கேமரா என்று எழுத வேண்டாம். மேசையில் கலந்து வைத்துவிட்டு ஒவ்வொரு படத்தையும் பற்றிப் பேசுங்கள். கேமராவின் பெயரைச் சரியாகச் சொல்ல யாராலும் முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாணவரின் படமும் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். டி750க்கு இனி பெரிய விலை வராது. விற்காமல் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்தில் ஒரு கேமரா மக்கர் செய்தால் கைகொடுக்கும். லென்ஸ்களில் அபெர்ச்சர் வளையம் (உள்ளே வரும் ஒளியின் அளவைக் கையால் மாற்றும் வளையம்) உள்ளவற்றை விற்கவே வேண்டாம். எஃப் மவுண்டில் லென்ஸின் அடிக்கும் சென்சாருக்கும் நடுவே 46.5 மில்லிமீட்டர், சோனி இ மவுண்டில் 18. மீதமுள்ள 28.5 மில்லிமீட்டரை நிரப்ப, உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெற்று அடாப்டர் வளையம் போதும். குவியத்தைக் கையால்தான் பார்க்க வேண்டும். ஃபோகஸ் பீக்கிங்கைப் போட்டுக்கொண்டால் குவிந்த விளிம்புகள் நிறமாகத் தெரியும், நிதானமாக எடுக்கும் உருவப்படங்களுக்கு அது தாராளம். அப்படியொரு வளையத்தை வாங்கிக்கொண்டு அண்ணனிடம் போங்கள். அவருடைய பழைய லென்ஸ்களில் ஒன்றை இரவல் கேளுங்கள். அடுத்த வரவேற்பில் மணமக்களை அதில் எடுத்து, பெரிதாக அச்சிட்டு அவரிடம் கொடுத்து, வெளிச்சத்தில் எங்கே பிசகியிருக்கிறேன் என்று கேளுங்கள்.