தொய்யாத நூல்: ஃபிங்கர் ஸ்பூல் பற்றித் திருகோணமலைச் சுழியோடிகள் கேட்டவை

கையளவு உருளை, இரண்டு பக்கமும் விளிம்பு, நடுவில் ஓட்டை, நூல், ஒரு இரட்டைத்தலைக் கொளுக்கி. ஃபிங்கர் ஸ்பூல் அவ்வளவுதான். அடியில் நிற்கும் சுழியோடி, காற்று நிரப்பும் பை போன்ற அடையாள மிதவையை நூலில் கட்டி மேலே விடவும், திரும்பி வர வழிநூல் போடவும், அடியில் தேடவும் இது உதவும். பிடி இல்லை, சுற்றும் கைப்பிடி இல்லை, பூட்டும் திருகு இல்லை. பழுதாகப் பெரிதாக ஒன்றும் இல்லாததால் பிசகுவதெல்லாம் கையில்தான் பிசகும். உப்புவெளியிலிருந்து கல்குடா வரை உள்ளவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

அண்ணா, ஓப்பன் வோட்டர் சுழியோடிப் பயிற்சி முடிச்சிட்டன். ஸ்பூல் வாங்கப் போறன். 15 மீற்றரா, 30 மீற்றரா? நூலை நானே சுத்தலாமா? (உப்புவெளி)

30 மீற்றர் எடுங்கள் தம்பி. 15 மீற்றர் ஆழத்தில் நின்று 15 மீற்றர் நூலில் மிதவை விட்டால் அது மேலே போய்ச் சேராது. நீரோட்டம் நூலைச் சாய்க்கும், சாய்ந்த நூலுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். மிதவை விடும் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு நூல் இருக்க வேண்டும் என்று கணக்கு வையுங்கள்.

நூலை நீங்களே தாராளமாகச் சுற்றலாம். ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள பின்னல் நைலோன் வேண்டும். முறுக்குக் கயிறு வேண்டாம், தளர்ந்தவுடன் தானே சுருண்டு கண்ணி போட்டுவிடும். மீன்பிடிக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பொலிபுரொப்பிலீன் கயிறும் வேண்டாம். அது தண்ணீரில் மிதக்கும், தொய்ந்தால் எழும்பி உங்கள் சிலிண்டர் வால்வைத் தேடி வரும். நைலோன் மெதுவாகத் தாழும். தங்கூசி, அதாவது ஒற்றை இழைத் தூண்டில் நூல் பற்றிக் கேட்கவே வேண்டாம்: கண்ணுக்குத் தெரியாது, முடிச்சு வழுக்கும், இழுபட்டால் விரலை அறுக்கும்.

புதுநூலை ஒரு இரவு தண்ணீரில் ஊறவிட்டுப் பிறகு அளந்து, 3 மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். நனைந்தால் நைலோனின் நீளம் மாறும், அதனால் காய்ந்த நூலில் அளந்த முடிச்சுகள் பின்னர் பொய் சொல்லும். உள்முனையை உருளையோடு கட்டுங்கள், இல்லாவிட்டால் கடைசிச் சுற்றோடு ஸ்பூல் கையிலும் நூல் கடலிலுமாகப் பிரிந்துவிடும். வெளிமுனையில் முழு ஸ்பூலும் நுழைந்து வரக்கூடிய பெரிய கண்ணி ஒன்று போடுங்கள். விளிம்புக்குக் கீழே அரை சென்ரிமீற்றராவது காலியாக இருக்கட்டும். நிரம்பி வழியும் ஸ்பூலில் நூல் விளிம்பைத் தாண்டிச் சரிந்து இறங்கும், அதிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

பொக்கெட்டுக்குள்ளேயே நூல் அவிழ்ந்து கிடக்குது. ஏன்? (நிலாவெளி)

கொளுக்கி நூலைப் பிடிக்காமல் ஸ்பூலின் ஓட்டையை மட்டும் பிடித்திருக்கிறது. சுற்றி முடித்ததும் நூலைக் கொளுக்கியின் வாய்க்குள் எடுத்து, அதே வாயால் விளிம்பிலுள்ள ஓட்டையைக் கொளுவுங்கள். ஒரே தலைக்குள் நூலும் ஓட்டையும் இரண்டும் இருக்க வேண்டும். பிறகு நூலை விரலால் இழுத்துப் பாருங்கள், ஸ்பூல் சுழலக் கூடாது. நெஞ்சில் தொங்கவிடாதீர்கள், பொக்கெட்டுக்குள் அல்லது உங்கள் பட்டியின் பின்பக்க டி வளையத்தில் வையுங்கள்.

மிதவை விடேக்க ரெண்டு தரம் மேல இழுபட்டுப் போயிட்டன் அண்ணா. சரியான முறை என்ன? (திருகோணமலை நகரம், பெண் சுழியோடி)

தங்கச்சி, இந்த ஒரு கேள்வியை நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஸ்பூலால் ஆள் ஆபத்துக்குள் போவது பெரும்பாலும் இந்த அரை நிமிடத்தில்தான்.

முதலில் நின்ற இடத்தில் அசையாமல் நிற்கப் பழகுங்கள். மிதப்புச் சரியாகாமல் மிதவையை வெளியே எடுக்கவே வேண்டாம். துணைச் சுழியோடி உங்களுக்கு எதிரே, கை நீட்டினால் எட்டாத தூரத்தில் நின்று உங்கள் நூலையும் தலைக்கு மேலையும் பார்க்க வேண்டும். மிதவையின் வளையத்துக்குள் நூல் கண்ணியை நுழைத்து, அந்தக் கண்ணிக்குள் ஸ்பூலை எடுத்து இறுக்குங்கள். பழகும் வரை இதைப் படகிலேயே செய்து வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது கொளுக்கியைக் கழற்றி உங்கள் டி வளையத்தில் மாட்டுங்கள். கொளுக்கி மட்டும்தான் உங்களோடு. நூல் ஓடும்போது ஸ்பூல் உங்கள் உடம்பில் எந்த இடத்திலும் கொளுவியிருக்கக் கூடாது. ஒரு முழம் நூலை அவிழ்த்து, ஸ்பூலைப் பெருவிரலாலும் நடுவிரலாலும் நடு ஓட்டையின் இரண்டு பக்கமும் தொட்டுப் பிடியுங்கள். பம்பரத்தின் ஆணியைத் தாங்குவது போல், அழுத்தாமல். விரலை ஓட்டைக்குள் முழுக்க விட்டால் நூல் சிக்கும்போது விரலும் சேர்ந்து போகும். ஸ்பூல் நூலோடு ஒரே தளத்தில் நிற்கட்டும். சாய்ந்தால் நூல் விளிம்பில் உரசி நின்றுவிடும்.

பைக்குள் ஒரு சிறு ஊதல் விட்டு அதை நிமிர்த்துங்கள். இங்கே ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, நூல் ஒக்ரோபஸிலோ (மேலதிக வாய்க்கருவி) குழாயிலோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே பாருங்கள், இஞ்சின் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். பிறகு மிச்சக் காற்றை விட்டு, கையை எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு காற்று? 20 மீற்றரில் அமுக்கம் 3 பார். அங்கே மூன்றில் ஒரு பங்கு நிரப்பினால் மேலே போகும்போது முழுப் பையாகும். 10 மீற்றரில் 2 பார், பாதிப் பை போதும். இரண்டு தரம் இழுபட்டது, அநேகமாக ஆழத்திலேயே பையை முழுக்க நிரப்ப முயன்று, அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதால்தான். வாயால் ஊதும் குழாய் உள்ள பை என்றால் அதையே நான் விரும்புவேன். நுரையீரலில் இருந்த காற்றுத்தான் பைக்குள் போகிறது, மொத்தக் கனவளவு மாறுவதில்லை, ஆகவே நீங்கள் நின்ற இடத்தில் நிற்பீர்கள். ஒக்ரோபஸால் நிரப்பினால் புதுக்காற்று சேர்கிறது, அந்தக் கணமே பை உங்களை இழுக்கத் தொடங்கும்.

ஓட்டம் நின்றதும் தொய்வைச் சுற்றி எடுத்து நூலை இறுக்குங்கள். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல், சுற்றிக்கொண்டே ஏறுங்கள். பாதுகாப்பு நிறுத்தமாக 5 மீற்றரில் 3 நிமிடம் நிற்கும்போது கொளுக்கியால் நூலையும் ஓட்டையையும் சேர்த்துப் பூட்டி, ஸ்பூலைக் கையில் பிடியுங்கள். நூலில் இலேசான பாரம் இருந்தால்தான் மேலே மிதவை நிமிர்ந்து நிற்கும். நூல் தளர்ந்தால் அது அலையில் படுத்துவிடும், படகோட்டிக்குத் தெரியாது.

இடையில் ஸ்பூல் சிக்கினால்? விட்டுவிடுங்கள். யோசிக்காமல். ஸ்பூலை இன்னொன்று வாங்கலாம்.

கச்சான் காத்து நேரத்தில மிதவை எங்கேயோ போகுது. போட்காரருக்கு என்ன சொல்லி வைக்க வேணும்? (நிலாவெளி)

எங்கள் கரையில் கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசும். மிதவையும் உங்களை வெளிப்பக்கமாகத்தான் இழுக்கும். பிந்தி விடாதீர்கள்: ஏறத் தீர்மானித்ததும் ஆழத்திலேயே விட்டால், நீங்கள் மேலே வரும் நேரத்துக்குப் படகு உங்கள் பக்கம் வந்திருக்கும். இறங்குமுன் படகோட்டியோடு இரண்டு விஷயம் பேசுங்கள். மிதவை எழும்பினால் காற்று போகும் திசையில் தேட வேண்டும், கிட்ட வரும்போது இஞ்சினை நியூட்ரலில் விட வேண்டும். மேலே வந்ததும் முழு நூலையும் சுற்றி முடித்த பிறகே படகைக் கூப்பிடுங்கள். தளர்ந்த நூல் புரொப்பெல்லரில் சுற்றினால் மறுமுனையில் நீங்கள் இருக்கிறீர்கள்.

சுத்தி எடுக்கேக்க நூல் முறுக்கிக்கொள்ளுது, கையும் உளையுது. (மூதூர்)

ஸ்பூலை அசையாமல் பிடித்துக்கொண்டு நூலை அதன்மேல் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு நூலில் ஏறும். இடக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நூலை இறுக்கமாக ஓடவிட்டு, வலக்கையால் ஸ்பூலைத்தான் சுழற்ற வேண்டும். இடக்கை இடமும் வலமும் மெல்ல அசைந்தால் நூல் சீராகப் படியும். அடியில் தளர்ந்த சுற்றும் மேலே இறுகிய சுற்றும் இருந்தால், அடுத்த முறை மேற்சுற்று கீழே புதைந்து ஸ்பூல் திடீரென்று நிற்கும். மிதவை விடும்போது வரும் சிக்கல் அநேகமாக முந்தைய டைவில் சுற்றிய சுற்றுத்தான். கை உளைவுக்குக் காரணம் நூலை வலிந்து இழுப்பது. நூலை உங்களிடம் இழுக்காமல், நீங்கள் நூலை நோக்கிப் போங்கள்.

அண்ணே, கல்குடாப் பக்கம் பிரிட்டிஷ் சார்ஜன்ற் கப்பலுக்குள்ள போக ஸ்பூல் காணுமா? (கல்குடா)

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த எண்ணெய்க் கப்பல் அது. இத்தனை வருடம் உப்பில் கிடந்த இரும்பின் ஓரங்கள் கத்தி போல இருக்கும். உள்ளே போவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், கீழே எழுதுவது அதற்கு மாற்று அல்ல. குறுகிய தூரத்துக்கு ஸ்பூல் போதும். நீளப் போவதென்றால் பிடியுள்ள ரீல்தான்.

முதற்கட்டு வெளியே, நேராக மேலே ஏறக்கூடிய இடத்தில். இரண்டாம் கட்டு வாசலுக்குச் சற்று உள்ளே, வெளிச்சம் தெரியும் இடத்தில். முதல் கட்டு அவிழ்ந்தாலும் இரண்டாவது உங்களை வாசலுக்குக் கொண்டுவரும். அதன் பிறகு திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கட்டு. ஸ்பூலைப் பொருளைச் சுற்றி எடுத்து, வந்த நூலுக்கு அடியால் நுழைத்து இறுக்குங்கள். கட்டுமுன் அந்த இடத்தைப் பாருங்கள்: வெட்டும் ஓரமா, கையோடு வரும் துருவா, கல்மீன் படுத்திருக்கிறதா? நூல் வழியின் நடுவே போகாமல் ஒரே பக்கமாக, தாழ்வாகப் போகட்டும்.

மூலையில் கட்டாமல் விட்டு நூலை இழுத்தால் அது குறுக்குவழியில் போய் இடுக்குக்குள் இறங்கும். நூல் நுழையும், நீங்கள் நுழையமாட்டீர்கள். தெளிவாக இருக்கும்போது இது தெரியாது. உங்கள் குமிழ்கள் கூரையில் பட்டுத் துரு கொட்டி, கண் முன்னே கைகூடத் தெரியாமல் போனபின்தான் தெரியும். அப்போது பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வளையத்துக்குள் நூலை வைத்து, இழுக்காமல் அதன் வழியே வாருங்கள். நூலை இழுப்பவர் கட்டுகளை அவிழ்க்கிறார்.

நூல் போடுபவர் முதலில் போய்க் கடைசியில் வருவார். 200 பார் சிலிண்டரில் ஏறத்தாழ 65 பார் போனதும் திரும்ப வேண்டும், எங்கே நின்றாலும்.

நானா, எங்கட இஞ்சின் கொட்டியாரத்துக்குள்ள விழுந்திட்டு. அடியில ரெண்டு மீற்றர்தான் தெரியுது. ஸ்பூலால தேடலாமா? (கிண்ணியா)

தேடலாம் தம்பி. மகாவலி கலக்கிவிட்ட தண்ணீரில் கண்ணை நம்பித் தேடுவதைவிட நூலை நம்பித் தேடுவதுதான் சரி. விழுந்த இடமென்று நினைக்கும் இடத்தில் பாரமான கல் ஒன்றை இறக்கி, அதில் நூல் முனையைக் கட்டுங்கள். ஒருவர் கல்லடியில் நிற்கட்டும், மற்றவர் நூலை இறுக்கி வட்டம் போகட்டும்.

இரண்டு பக்கமும் 2 மீற்றர் தெரிந்தால் ஒரு வட்டத்தில் 4 மீற்றர் அகலம் பார்க்கலாம். ஒரு மீற்றர் மேற்படிய விட்டு, வட்டத்துக்கு 3 மீற்றர் கூட்டுங்கள். நூலில் போட்ட முடிச்சு இதற்குத்தான் உதவும், கண்ணால் பார்க்காமல் விரலால் எண்ணலாம். 3, 6, 9, 12, 15 என்று ஐந்து வட்டம். மொத்தம் ஏறக்குறைய 280 மீற்றர் நீந்த வேண்டும். நிமிடத்துக்கு 10 மீற்றர் என்று மெதுவாகப் போனால் 28 நிமிடம். ஆழத்துக்கேற்பக் காற்றும் நேரமும் காணுமா என்று முதலே பாருங்கள். தொடங்கிய இடத்தில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு குச்சி நட்டால் வட்டம் முடிந்தது தெரியும்.

நூல் வழியில் ஒரு பாறையில் மாட்டினால் அந்தப் பாறையைச் சுற்றிச் சிறுவட்டம் போகத் தொடங்கிவிடுவீர்கள், ஆனால் முழுவட்டம் போனதாகத்தான் நினைப்பீர்கள். கொம்பஸ் வழக்கத்துக்கு மாறாக விரைவாகத் திரும்பினால் நின்று நூலைத் தடவிப் போய்ப் பாருங்கள். மாட்டியது பாறையாகவும் இருக்கலாம், உங்கள் இஞ்சினாகவும் இருக்கலாம்.

புறாமலையில் பவளத்தில் கட்டலாமா?

கூடாது. அது தேசிய பூங்கா. பூங்காவாக இல்லாவிட்டாலும் கூடாது. 2 கிலோ ஈயத்தை மணலில் வைத்துக் கட்டுங்கள்.

நூல் பின்னால சிக்கினால் திரும்பிப் பாக்கிறதா, வெட்டுறதா? (உப்புவெளி)

இரண்டும் இல்லை, முதலில் நில்லுங்கள். திரும்பினால் நூல் உங்களைச் சுற்றும். ஒரு முழம் பின்னே போய் நூலைத் தளர்த்துங்கள். இந்த ஒரு வேளை தொய்வு உங்களுக்கு உதவும். கையால் பின்னே தடவுங்கள். மாட்டுவது அநேகமாகச் சிலிண்டர் வால்விலோ ஃபின் வாரிலோதான். துணை இருந்தால் நீங்கள் அசையாமல் நிற்க அவர் எடுக்கட்டும். வெட்டுவது கடைசி. அது வெளியேறும் வழிநூல் என்றால், வெட்டப்போகும் இடத்தின் இரண்டு பக்கத்தையும் முதலில் ஏதாவதொன்றில் கட்டுங்கள், அல்லது துணை இரண்டு முனையையும் பிடிக்கட்டும். கைவிடப்பட்ட தங்கூசி வலைக்கு வளைந்த வாயுள்ள சிறு வெட்டி கத்தியைவிட நல்லது. அதைக் காலில் கட்டாமல், இரண்டு கைக்கும் எட்டும்படி நெஞ்சுப்பட்டியில் வையுங்கள்.

வாடைக்காலத்தில ஸ்பூலை எப்பிடி வைக்கிறது? (நிலாவெளி)

முழு நூலையும் அவிழ்த்து நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். சுற்றியபடி கழுவினால் உள்சுற்றில் உப்பு நின்று காய்ந்து நூலை அராவும். நிழலில் காயவிடுங்கள், வெயில் நைலோனைப் பலவீனமாக்கும். கொளுக்கியின் ஸ்பிரிங்கை அமுக்கிப் பாருங்கள், மெதுவாகத் திரும்பினால் மாற்றுங்கள். நூலைத் தளர்வாகச் சுற்றி வைத்துவிட்டு, ஏப்ரலில் முதல் தடவை இறங்குவதற்கு முன் ஈரப்படுத்தி, விரலிடுக்கில் முனையிலிருந்து முனை வரை ஓட்டி, இறுக்கிச் சுற்றுங்கள். மயிர் கிளம்பிய இடம் தட்டுப்பட்டால் அங்கே முடிச்சுப் போட்டு ஒட்டவைக்க வேண்டாம். மிதவை முனைக்குக் கிட்ட என்றால் அதுவரை வெட்டி எறிந்து புதுக்கண்ணி போட்டு, 3 மீற்றர் முடிச்சுகளைத் திரும்ப அளந்து போடுங்கள். நடுவில் என்றால் முழு நூலையும் மாற்றுங்கள்.