வாசகர் கேள்வி: மாணவர் சுற்றுலாவுக்கு வனவிலங்கா, வரலாறா?

கேள்வி: எங்கள் தமிழ்ப் பள்ளியின் மூத்த மாணவர்களைக் குளிர்கால விடுமுறையில் இரண்டு நாள் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். பெற்றோரில் ஒரு சாரார் வனவிலங்குகளைக் காட்டினால் போதும் என்கிறார்கள். மறு சாரார் நாட்டின் வரலாறும் அரசியலும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே இல்லை, சகோதரி. டர்பனிலிருந்து வடக்கே ஷ்லுஷ்லுவே–இம்ஃபொலோசி வனவிலங்குக் காப்பகத்துக்குப் புறப்படுங்கள். நீங்கள் கேட்கும் இரண்டும் அந்த ஒரே வழியில் இருக்கின்றன.

முதலில் இனாண்டாவில் உள்ள ஒஷ்லாங்கே பள்ளி. 1994 ஏப்ரல் 27 அன்று நெல்சன் மண்டேலா தம் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களித்தது அங்கேதான். அடுத்து, நடமாட்டத் தடை விதிக்கப்பட்டுத் தம் ஊரிலேயே முடக்கப்பட்டிருந்த நிலையில் 1960ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்ற நிறவெறி எதிர்ப்புத் தலைவர் ஆல்பர்ட் லுதூலியின் குரூட்வில் இல்லம். அது இன்று அருங்காட்சியகம். வழியிலுள்ள கரும்புத் தோட்டங்களைப் பற்றி, 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் தோட்ட வேலைக்காக வந்திறங்கியவர்களின் வழிவந்த பிள்ளைகளுக்கு அவரவர் வீட்டுப் பெரியவர்களே முன்கூட்டிச் சொல்லி அனுப்பட்டும்.

இரண்டாம் நாள் முழுவதையும் காப்பகத்துக்கே ஒதுக்குங்கள். விலங்குகளைக் காட்டிவிட்டுத் திரும்பினால் பாதிப் பாடம்தான் ஆகும். அந்தக் காடே ஓர் அரசியல் வரலாறு. ஒரு காலத்தில் ஜூலு மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்த அந்த நிலத்தைக் காலனி அரசு 1895இல் காப்பகமாக அறிவித்தது. பின்னர், செட்சி ஈ பரப்பிய நாகானா நோயால் அண்டையிலிருந்த வெள்ளைப் பண்ணையாளர்களின் மாடுகள் மடிந்தபோது, நோய்க்கு இருப்பிடம் என்று கருதி 1940கள் வரை அந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான காட்டு விலங்குகளை அரசே சுட்டுக் கொல்ல வைத்தது. காப்பதும் அழிப்பதும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்த அந்த ஆண்டுகளைப் பிள்ளைகள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் காலத்திலும் காண்டாமிருகம் விதிவிலக்காகக் காப்பாற்றப்பட்டது. ஒரு கட்டத்தில் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கிவிட்ட தென்னக வெள்ளைக் காண்டாமிருகங்கள் இங்குதான் பிழைத்துப் பெருகின. 1960களில் வனக்காவல் அதிகாரி இயன் பிளேயரும் அவருடைய குழுவினரும் அவற்றை மயக்க மருந்து செலுத்திப் பிடித்து வேறு காப்பகங்களுக்கு அனுப்பினார்கள். வழிகாட்டியிடம் கேட்டு, சேற்றுக்குட்டையின் ஓரத்தில் காண்டாமிருகங்கள் உடலைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகிவிட்ட மரக்கட்டை ஒன்றைப் பிள்ளைகளைப் பார்க்கச் செய்யுங்கள்; சேறு காய்ந்து படிந்திருக்கும் உயரத்தைக் கொண்டே விலங்கின் அளவை அவர்கள் கணித்துவிடுவார்கள்.

கொம்பறுக்கப்பட்ட காண்டாமிருகத்தைக் கண்டு அவர்கள் பதறக்கூடும். 2023இல் நாடெங்கும் கொம்புக்காகக் கள்ளவேட்டையில் பலியான 499 காண்டாமிருகங்களில் 307 நம் குவாஜூலு-நேட்டால் மாகாணத்தில் கொல்லப்பட்டவை. ஆகவே, நகத்தைப் போல மீண்டும் வளரும் கொம்பை அதிகாரிகளே 2024இல் இக்காப்பகத்தில் அறுக்கத் தொடங்கினார்கள் என்பதை முன்னதாகவே விளக்கிவிடுங்கள். எல்லையோரக் கிராமத்துப் பெரியவர் ஒருவரையும் பேச அழைக்க முடிந்தால் மிக நல்லது. வேலிக்கு வெளியே வாழ்வோரின் மாடு, நிலம், வேலை ஆகியவற்றைப் பேசாமல் வனப் பாதுகாப்பு விளங்காது.

இங்கு குளிர்காலமான ஜூலையில் புல் குறைந்து விலங்குகள் நீர்நிலைகளை நாடி வருவதால் பார்ப்பது எளிது. விடியற்காலையில் திறந்த வண்டியில் நன்றாகவே குளிரும்; கம்பளிச் சட்டை அவசியம். விடுமுறைக் காலமாதலால் தங்குமிடத்தை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.