அப்பாவின் தூக்கமும் பாட்டும்

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய். இரவு 10 மணிக்குப் படுத்தால் தூக்கம் பிடிக்க 12 ஆகிறது. 2 மணிக்கு விழித்து, புரள முடியவில்லை என்று கூப்பிடுகிறார். சில இரவுகளில் தூக்கத்திலேயே கத்திக்கொண்டு கையை வீசுகிறார். பாட்டுக் கேட்டால் சரியாகும் என்கிறார்கள். எந்தப் பாட்டு, எவ்வளவு நேரம்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் சொல்வது மூன்று தனித்தனித் தொல்லைகள். இசை கைகொடுப்பது முதலாவதற்குத்தான்.

தூக்கம் வராத பெரியவர்களுக்கு இசை பயன்படுமா என்று 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2022 மதிப்பாய்வு. தினமும் கேட்டவர்களின் தூக்கம் மேம்பட்டிருந்தது. பார்க்கின்சன் உள்ளவர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகளே. ஆனாலும் தாராளமாக முயன்று பார்க்கலாம்.

படுக்குமுன் விளக்கைத் தணித்து 30 முதல் 45 நிமிடம் ஓடவிடுங்கள். பாட்டின் வேகம்தான் முக்கியம். கடிகாரத்தைப் பார்த்தபடி 15 விநாடி தொடையில் தாளம் தட்டுங்கள். 15 முதல் 20 தட்டுக்குள் அடங்கினால் சரி. நீலாம்பரி தாலாட்டுக்குப் பேர்போன ராகம். ஆனால் அவருக்குப் பிடித்தது பழைய சினிமா மெலடி என்றால் அதுவே போதும். கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தால் விழிப்பு தட்டும். அப்போது குழலோ வீணையோ மட்டும் வையுங்கள். மிருதங்கமும் தவிலும் வேண்டாம். அழுத்தமான தாளம் காலை அசையத் தூண்டும். பகலில் நடைப்பயிற்சிக்கு அதே தாளம் அருமையான துணை.

பல வீடுகளில் இது கெடுவது செல்போனால்தான். நடுவில் விளம்பரம் அலறும், அடுத்த பாட்டு தானாக ஓடும். பாட்டைப் பதிவிறக்கி, டைமர் வைத்து, சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலியில் போடுங்கள். கையை வீசுபவருக்கு இயர்போன் ஒயர் ஆகாது. மூன்று வாரமாவது விடாமல் செய்து, தூங்கிய நேரத்தையும் விழித்த தடவையையும் குறித்து வையுங்கள்.

2 மணிக்குப் புரள முடியாமல் போவது, பெரும்பாலும் இரவு போட்ட லெவோடோபா என்ற பார்க்கின்சன் மாத்திரையின் வேகம் தீர்ந்துவிடுவதால். நீடித்து வேலை செய்யும் மாத்திரை ஒத்துவருமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். செலிஜிலின், அமன்டடின் என்ற பார்க்கின்சன் மருந்துகளைச் சாயங்காலம் போடுகிறாரா என்றும் பாருங்கள். இரண்டும் தூக்கத்தைக் கெடுக்கும். நீங்களாக எதையும் நிறுத்தவோ மாற்றவோ கூடாது. இடுப்புக்குக் கீழே மட்டும் வழுவழுப்பான சாட்டின் துணியைக் குறுக்கே விரித்தால் புரள்வது எளிது. கட்டில் முழுக்க விரித்தால் எழுந்து உட்காரும்போது வழுக்கிவிடும்.

கத்துவதும் கை வீசுவதும் கனவுக்கேற்ப உடல் இயங்கும் கோளாறாக இருக்கலாம். அதற்கு இசை மருந்தல்ல. கட்டிலைத் தாழ்த்துங்கள், பக்கத்தில் தரையில் ஒரு மெத்தை போடுங்கள், கண்ணாடிச் சாமான்களை அகற்றுங்கள். அடுத்த முறை கத்தும்போது ஒரு நிமிடம் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.