திறந்த ஊசி மருந்துக் குப்பியை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். இன்சுலின் குப்பியைத் திறந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது, அட்டையில் காலாவதி அடுத்த வருடம் என்று இருக்கிறது, தொடர்ந்து போடலாமா? ஃப்ரிட்ஜில் எங்கே வைப்பது? வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே மருந்துதான், ஊசி முனையை மட்டும் மாற்றிக்கொண்டு ஒரே சிரிஞ்சில் போட்டுக்கொள்ளலாமா? கூடவே, குப்பியில் மருந்து மிஞ்சி வீணாகிறதே என்றும் வருந்தியிருக்கிறீர்கள்.

மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். இதில் என்னைத் திடுக்கிட வைத்தது மூன்றாவது கேள்விதான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கூடவே கூடாது. மருந்தைச் செலுத்தி ஊசியை வெளியே எடுக்கும் நேரத்தில், கண்ணுக்கே தெரியாத அளவு ரத்தம் சிரிஞ்சுக்குள் ஏறியிருக்கலாம். முனையைக் கழற்றிப் போட்டாலும் அது குழாயில்தான் இருக்கும். அதே சிரிஞ்சைக் குப்பிக்குள் விட்டால் ரத்தம் குப்பிக்குப் போகிறது. அமெரிக்காவின் லாஸ் வேகஸில் ஒரு எண்டோஸ்கோப்பி (உடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) மையத்தில் நடந்தது இதுதான், 2008-ல் வெளியே வந்தது. புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ஒருவருக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டபோது, முனையை மாற்றிவிட்டு அதே சிரிஞ்சால் குப்பியிலிருந்து மறுபடி எடுத்தார்கள். குப்பியில் மிஞ்சியதை அடுத்த நோயாளிக்குப் போட்டார்கள். அந்த அடுத்த நோயாளிக்குப் போட்ட ஊசியும் சிரிஞ்சும் புத்தம் புதியவையாகவே இருந்தாலும் பயனில்லை, கெட்டுப்போனது குப்பி. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் பரவியது. பல்லாயிரம் பேருக்குத் தகவல் அனுப்பி ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அது ஒரே ஒருவருக்கான குப்பி, அதைப் பலருக்குப் பங்கிட்டது இன்னொரு தவறு. குப்பி பெரிதாக இருப்பதால் பல முறை எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. லேபிளில் அப்படிப் போட்டிருக்க வேண்டும். பல முறை எடுக்கும் குப்பியில் கிருமித்தடுப்பு ரசாயனம் கலந்திருக்கும். இன்சுலினைத் திறந்ததும் வருகிற அந்த வாசனை ஃபீனால், மெட்டாகிரெசால் போன்றவற்றுடையது. ஆனால் இவை பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் எதிரானவை. ஹெபடைடிஸ், எச்ஐவி வைரஸ்களிடமிருந்து இவை காப்பாற்றும் என்று நம்பவே முடியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் புது ஊசி, புது சிரிஞ்சு. வீட்டில் இருவர் என்றால் ஆளுக்கொரு குப்பி, பெயர் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மருந்து உள்ளேயே அடைத்து வரும் பேனா வடிவக் கருவியான இன்சுலின் பேனாவும் அப்படித்தான், முனையை மாற்றினாலும் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

இனி நாள் கணக்கு. அட்டையில் அச்சிட்ட காலாவதி, திறக்காமல் சரியான குளிரில் வைத்த குப்பிக்கு. ரப்பர் மூடியில் முதல் முறை ஊசி இறங்கியதுமே வேறு கணக்கு தொடங்கிவிடும். கம்பெனி வேறு எதுவும் சொல்லாவிட்டால் 28 நாள். இந்த எண் சும்மா வந்ததல்ல. மருந்துக்குள் வேண்டுமென்றே கிருமிகளைக் கலந்து, கிருமித்தடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் சோதனை 28 நாள் நடக்கிறது. அமெரிக்க மருந்துத் தர நூலின்படி ஊசி மருந்தில் பாக்டீரியா 7-ஆம் நாளுக்குள் பத்தில் ஒன்றாகவும், 14-ஆம் நாளுக்குள் ஆயிரத்தில் ஒன்றாகவும் குறைந்தால் போதும், தேர்ச்சி. கவனியுங்கள், நாட்கணக்கில்தான் வேலை செய்கிறது! காலையில் குப்பிக்குள் கிருமி போனால் மாலை டோஸ் எடுக்கும்போது அது உயிரோடு இருக்கலாம். கிருமித்தடுப்புதான் இருக்கிறதே என்று கை கழுவாமல் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இன்சுலினில் வகைக்கு வகை நாள் மாறும். கிளார்ஜின் 28 நாள், டெடிமிர் 42 நாள், டெக்லுடெக் 56 நாள். உங்களுடையது எது என்று சொல்லவில்லை. டெக்லுடெக்காக இல்லாவிட்டால் பெரும்பாலும் அந்தக் குப்பி தூக்கிப் போட வேண்டியதுதான். உள்ளே இருக்கும் தாளை ஒரு முறை பார்த்துவிடுங்கள். திறக்காமலே ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்திருந்தாலும் இந்த நாள் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும், பலருக்கு இது தெரிவதில்லை. திறந்த அன்றே தேதியையும் தூக்கிப் போட வேண்டிய தேதியையும் குப்பியிலேயே எழுதுங்கள். அட்டைப் பெட்டியில் எழுதினால் பெட்டி குப்பைக்குப் போய்விடும். 28 நாள் எல்லா மருந்துக்கும் பொருந்தாது. கிருமித்தடுப்பு இல்லாத தட்டம்மை, பிசிஜி (காசநோய்) தடுப்பூசிகளைக் கரைத்த பிறகு அதிகபட்சம் 6 மணி நேரம்தான்.

ஃப்ரிட்ஜில் நடுத்தட்டு. வெப்பம் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடேறும். ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயன்படாது. திறந்ததை வெளியே வைக்கலாம் என்றால் வகையைப் பொறுத்து 25 அல்லது 30 டிகிரிக்குள். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கினாலோ, பால் போன்ற வகையில் கட்டி திரண்டாலோ, கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்தாலோ யோசிக்காமல் குப்பையில் எறிந்துவிடுங்கள்.

எடுக்கும் முறையிலும் இரண்டொரு விஷயம். புதுக் குப்பியின் பிளாஸ்டிக் மூடி தூசு படியாமல் இருக்கத்தான், அடியில் உள்ள ரப்பர் கிருமியற்றது என்று நினைக்காதீர்கள். 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் அழுத்தித் தேய்த்து, தானாகக் காயும்வரை விடுங்கள். ஊதிக் காயவைத்தால் துடைத்தது வீண். எடுக்கப்போகும் அளவுக்குச் சமமான காற்றை முதலில் உள்ளே செலுத்தினால் மருந்து தடையில்லாமல் வரும். தடித்த ஊசியை நேராகக் குத்தினால் ரப்பர் துணுக்கு பெயர்ந்து மருந்தில் கறுப்பாக மிதக்கும். முனையின் சாய்வெட்டு மேலே பார்க்க, சற்றுச் சாய்த்து நுழைத்து, பிறகு நிமிர்த்தினால் இது குறையும். அடுத்த முறைக்கு வசதி என்று ஊசியை மூடியிலேயே குத்தி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது கிருமிக்குத் திறந்த வாசல்.

இன்சுலினில் இன்னொரு பொறி. சில நாடுகளில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வீரியமும் கிடைக்கும், சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை பாதாளத்துக்கு இறங்க அது போதும்.

மருந்து மிஞ்சுகிறதே என்ற உங்கள் வருத்தம் நியாயமானது. 10 மில்லி குப்பியில் 1000 யூனிட். ஒரு நாளைக்கு 12 யூனிட் போடுபவருக்கு 28 நாளில் 336-தான் தீரும், மிச்சம் வீண். இதற்கு வழி நாளை நீட்டுவதல்ல, சிறிய அளவில் வாங்குவது. 3 மில்லி பேனாவில் 300 யூனிட். ஒவ்வொரு முறையும் ஊசியில் மருந்து சரியாக வருகிறதா என்று சோதித்து வெளியே விடும் 2 யூனிட்டையும் சேர்த்தால் மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அடுத்த முறை மருந்துச் சீட்டு எழுதும்போது மருத்துவரிடம் உங்கள் தினசரி அளவைச் சொல்லி, பேனாவாகத் தர முடியுமா என்று கேளுங்கள்.